பல்லியே சொல்லிவிட்டது

டியூப்லைட்டுக்கு அடியில் குடியிருந்த பல்லிக்கு அன்று தலைகால் புரியவில்லை. கீழே குழந்தை நறுமுகையின் டேப்லெட், "பல்லி கொசுவைத் தின்னும், பல்லி நம் நண்பன்!" என்று பாடிக்கொண்டிருந்தது. அவள் பல்லிப் படத்தைத் தொட்டாள். திரையில் தங்க நட்சத்திரம் மின்னியது. அப்பா கைதட்டினார்.

'ஒருவழியாக நம்மைப் புரிந்துகொண்டார்கள்' என்று பூரித்துப்போய் எட்டிப் பார்த்த பல்லி, பிடி நழுவி அப்பாவின் தோளில் விழுந்தது.

அம்மா அலறிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

"அடிக்காதேம்மா, அது நம்ம ஃப்ரெண்டு!"

"அது கேம்ல இருக்கிற பல்லிடி!"

பல்லி வாலை விட்டுவிட்டுச் சுவரேறித் தப்பியது. அப்பா டேப்லெட்டைப் பிடுங்கி, "வலது தோளில் பல்லி விழுந்தால் என்ன பலன்?" என்று கேட்டார்.

"வெற்றி" என்றது டேப்லெட்.

"இப்போதுதானே என்னை நண்பன் என்று பாடினாய்?" என்று பல்லி மேலிருந்து கேட்டது.

"குழந்தை கேட்டால் அறிவியல், அப்பா கேட்டால் பலன். எனக்கென்ன வந்தது?"

நிம்மதியடைந்த அப்பா டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பல்லி எப்போது வாலை விடும்?" என்று அது அடுத்த கேள்வியைக் கேட்டது. தரையில் துடித்த வாலை அம்மா முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடியே குழந்தை துடைப்பப் படத்தைத் தொட்டாள். இன்னொரு நட்சத்திரம்!

"என் பொண்ணு பெரிய விஞ்ஞானியா வருவா!" என்றார் அப்பா.

வயிறெரிந்த பல்லி, "அட மடையா!" என்று கத்தியது. கீழே இருந்தவர்களுக்கு அது 'ச்சு... ச்சு' என்றுதான் கேட்டது.

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று அப்பா பயபக்தியோடு மேஜையைத் தட்டினார்.