அசையாத முள்

அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக வெயிலுமுத்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பழைய பியட் கார், தாராவியில் உதுமானின் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. உதுமானுக்கு அலுத்துப்போயிற்று.

"முள்ளு இன்னும் அசைய மாட்டேங்கு, பாய். ஸ்கூல் பிள்ளைங்களப் பெத்தவுக, நான் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுதேன்னு சண்டைக்கு வாராவ. ஸ்பீடு மீட்டர் செத்துக் கெடந்தா எனக்கு எப்படி வேகம் தெரியும்?"

கேபிளை மாற்றியாயிற்று. அதைச் சுழற்றும் பல்சக்கரத்தையும் மாற்றியாயிற்று. உதுமான் பெருமூச்சோடு காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, வெயிலுமுத்துவின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கியர் போட்டு ரேஸ் குடுங்க, அண்ணாச்சி."

பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்றன.

"பாத்தீரா? ஜீரோலயே நிக்கி!"

உதுமான் மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க. சரி பண்ணி வைக்கேன்."

வெயிலுமுத்து திரும்பி வந்து மறுபடியும் ரேஸ் கொடுத்தார்.

"இப்ப முள்ளு நாப்பதுக்கு ஏறியிருக்கணுமே?" என்றார் உதுமான்.

வெயிலுமுத்து குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "கரெக்டா நாப்பது! ஜாக்கிய எறக்கும் பாய், ஸ்கூல் விடுத நேரமாச்சு."

உதுமான் எட்டி எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டார். "இன்னைக்குப் பிள்ளைங்கள நான் கூட்டியாரேன், அண்ணாச்சி."

"ஏன்? அதான் சரியாயிட்டே!"

சாயா குடிக்கப் போகுமுன் ரேஸ் கொடுத்தபோதே முள் நாற்பதில்தான் நின்றது. இப்போது மீட்டரே உதுமானின் மடியில், துணியில் சுற்றிக் கிடந்தது.