நாற்பத்திரண்டு கேள்விகள்

"வீட்டுல எத்தனை பானை?"

"மூணு."

"ஓட்டை இல்லாதது?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. கேட்கிற பிள்ளையாண்டான் பேர் சக்கரபாணி, பட்டணத்துக் காலேஜ். கிராமத்தில் எந்தெந்தச் சனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்து எழுதுகிறானாம். வீட்டுக்கு நாற்பத்திரண்டு கேள்வி. திண்டிவனத்தில் ரயிலை விட்டிறங்கி நாலு நாளாகிறது. சாப்பாடும் படுக்கையும் ஊர்த்தெருவில், பண்ணைக்காரர் தேவநாதன் வீட்டில். எழுதுவதற்கு மட்டும் சேரி.

"பொம்பளைங்களுக்கு எத்தனை புடவை?"

"கட்டிக்கினு இருக்கிறது ஒண்ணு, கொடியில காயறது ஒண்ணு. கிழிசல் எத்தனைன்னும் எண்ணிக்கினு போங்க சார்!" என்றாள் மாசிலாமணியின் பெண்சாதி அம்சவள்ளி.

அவன் சிரிக்கவில்லை. எழுதினான்.

"ராத்திரிக்கு என்ன சாப்பாடு?"

"இருந்தா கேப்பைக் கூழு."

"இல்லேன்னா?"

"படுத்துக்குவோம். அதையும் எழுதிக்குங்க."

"குடிதண்ணி?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏரியில சார். மாடு எறங்கற அதே எடம். போன மாசம் பேதியில ரெண்டு கொழந்தைங்க போயிடுச்சு. ஊர்க் கெணத்துல நாங்க கயிறு போடக் கூடாது. எங்களுக்குன்னு ஒரு கெணறு வேணும்னு எழுதுவீங்களா?"

"உள்ளதை எழுதறதுதான் என் வேலை. மேலே இருக்கறவங்க படிச்சுப் பார்த்துச் செய்யணும்."

அம்சவள்ளி வேர்க்கடலை அவித்திருந்தாள்; அந்த மல்லாட்டையை ஒரு கை அள்ளி நீட்டினாள்.

"வேணாம்மா. வயிறு சரியில்லே." நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டான்.

மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியாடி! ஆண்டை ஊட்டுல மூணு வேளையும் எலை போட்டுத் தின்னப்போ நல்லா இருந்த வயிறு! நம்ம மல்லாட்டையப் பாத்ததும் கெட்டுப் போச்சு. இவனா நமக்குக் கெணறு எழுதுவான்?"

"கத்தாதே. அந்த நோட்டை விட்டா நமக்கு வேற நாதி ஏது?"

உச்சிப் பொழுதில் தேவநாதன் ஆள் அனுப்பினார். சக்கரபாணியை ரயிலேற்ற வண்டி கட்ட வேண்டுமாம். ஆத்திரத்தை மாட்டின் மேல் காட்டிக்கொண்டே மாசிலாமணி வண்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"எங்க ஊரைப் பத்தி நல்லபடியா எழுதியிருக்கீங்கல்ல தம்பி?" என்றார் தேவநாதன், வாசற்படி மேல் நின்று.

"உள்ளபடி எழுதியிருக்கேங்க."

'ஆமா, கிழிச்சே!' என்று மாசிலாமணி மனசுக்குள் கறுவினான்.

அவர் சம்சாரம் கெங்கம்மாள் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். "வெயிலு கொளுத்துது. குடிச்சிட்டுப் போ தம்பி" என்று படி மேலிருந்தே நீட்டினாள்.

தெருவில் நின்றிருந்த சக்கரபாணி நோட்டைக் கக்கத்தில் இடுக்கினான். இடுப்பை வளைத்தான். இரண்டு கையையும் குவித்து, ஊற்றட்டும் என்று வாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டான்.

மாசிலாமணிக்கு மூச்சு நின்றது. ஆண்டை வீட்டு வாசலில் அவனும் அப்படித்தான் குடிக்கிறான், அவன் அப்பனும் அப்படித்தான் குடித்தான். அந்தக் குனிவு சேரியில் பிறந்த உடம்புக்குத்தான் தானாக வரும். நாலு நாளும் பந்தியில் நிமிர்ந்து உட்கார்ந்து எப்படியோ தப்பித்த பிள்ளை, இப்போது தாகத்தில் தன்னை மறந்துவிட்டது!

கெங்கம்மாளின் சொம்பு அந்தரத்தில் நின்றது. தேவநாதனின் புருவம் நெரிந்தது.

"என்ன தம்பி இது? யாரு நீ?"

சக்கரபாணியின் முகம் வெளிறியது. தெரிந்தால் ஆளையும் விடமாட்டார்கள், கக்கத்து நோட்டையும் விடமாட்டார்கள்.

மாசிலாமணி வண்டியிலிருந்து குதித்தான்.

"மொதல்ல கையி வாயி கழுவ ஊத்துங்கம்மா! காத்தால எங்க சேரிக்குள்ள பூந்து வந்தவரு, அந்தத் தீட்டோடவா உங்க சொம்பைத் தொடுவாரு?"