பச்சை ஸ்டிக்கர்

பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப்பின் மேல் வைத்த கையை வெடுக்கென்று எடுத்து உதறினார் குருநாதன். "தோசைக்கல்லு மாதிரில்ல கொதிக்குது தலைவரே."

கமுதி மிளகாய் வத்தல் வியாபாரிகள் சங்கத் தலைவர் உக்கிரபாண்டி, சங்கத்தார் அத்தனை பேருக்கும் லேப்டாப் வாங்க வந்திருந்தார். எடுத்துக் காட்டியவள் கடைக்காரி சேதுலட்சுமி.

அமெரிக்காவில் இரண்டு லேப்டாப் சிப்பு கம்பெனிகளுக்குள் போட்டி என்றால், இராமநாதபுரம் கேணிக்கரையில் எதிரெதிரே இருந்த இரண்டு கடைகளுக்குள் குடுமிப்பிடி. குருநாதன் விற்பது நீல ஸ்டிக்கர் சிப்பு. சேதுலட்சுமி விற்பது விலை குறைந்த பச்சை. மற்றபடி ஒரே லேப்டாப், ஒரே கறுப்பு.

தன்னிடம் வேலை பார்த்தவள் தனக்கு எதிரிலேயே கடை போட்டாளே என்று குருநாதனுக்கு வயிற்றெரிச்சல். அவள் கடைக்கு யார் வந்தாலும் பின்னாலேயே வந்து, பச்சை சிப்பு நம் ஊர் வெயிலுக்கு வெடித்துவிடும் என்பார். அப்படிச் சொல்லியே அவளை ஈ ஓட்ட வைத்துவிட்டார். இந்த ஆர்டரும் போனால் அவள் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அதைக் கண்ணாரப் பார்க்கத்தான் இன்றைக்கும் வந்திருந்தார்.

"எனக்கு அம்புட்டுச் சூடு தெரியலயே," என்றார் உக்கிரபாண்டி.

"ஈர வத்தல் மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாப்பீங்கள்ல, அப்படி அழுத்திப் பாருங்க. உள்ள அவிஞ்சுக்கிட்டு இருக்கு."

தலைவர் அழுத்திப் பார்த்தார். "ஆமா, சூடாத்தான் இருக்கு."

ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது குருநாதனின் கண்ணில் பட்டது. ஒரு ஸ்டிக்கர்கூட ஒழுங்காக நிற்கவில்லை, இதற்கு ஒரு வியாபாரம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

அப்போதுதான் சேதுலட்சுமி பேசினாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே. இது விக்கத் தகுந்த மெஷினா?"

"மனசாட்சி உள்ளவன் இத விப்பானா? இத ஒருத்தன் தலையில கட்டுறவன் கடையப் பூட்டணும்."

"கேட்டுக்கிட்டீங்களா தலைவரே?"

அவள் பச்சை ஸ்டிக்கரை நகத்தால் நிதானமாக உரித்தாள். அடியில் நீல ஸ்டிக்கர் இருந்தது.

"நேத்து ஆள் விட்டு உங்க கடையில வாங்குனதுண்ணே இது."