நகப் பொட்டலம்

மலைமேல் இருந்த பதுங்குகுழியில் ஒரே ஒரு கத்தரிக்கோல்தான் இருந்தது. கை மாறிக் கை மாறி வந்த அது, இன்கில்லிடம் வந்ததும் நின்றுவிட்டது.

அவனுக்கு வெட்ட நகம் இல்லை.

தாக்குதலுக்கு முன்னால் ஒவ்வொருவனும் கொஞ்சம் முடியும் நகமும் வெட்டி, காகிதத்தில் மடித்து, பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். உடம்பு கிடைக்காமல் போனால் வீட்டுக்கு அதுதான் போகும். அந்த மலையில் உடம்பு கிடைப்பது அபூர்வம். பேன் தொல்லை தாங்காமல் போன வாரம்தான் எல்லோருக்கும் மொட்டை அடித்திருந்தார்கள். அதனால் இந்த முறை நகம் மட்டும்.

இன்கில்லின் விரல்நுனிகளில் வெறும் சதைதான் இருந்தது. அதற்குக் காரணம் அவன் அம்மா சொன்ன கதை. கொரியாவில் அந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. வெட்டிய நகத்தைக் கண்ட இடத்தில் போட்டால் எலி தின்றுவிடும். தின்ற எலி அவனைப் போலவே உருவெடுத்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

மற்ற பிள்ளைகள் பயந்துபோய் நகத்தைப் பொறுக்கிப் புதைத்தார்கள். இன்கில் கடித்து விழுங்க ஆரம்பித்தான். பட்டாளத்துக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. குண்டு விழ விழ இன்னும் அதிகமானது.

விஷயம் தெரிந்ததும் குழி முழுக்கச் சிரிப்பு. காலடியில் இத்தனை எலி ஓடுகிறதே, ஒன்றுக்காவது நகத்தைப் போட்டிருந்தால் இன்றைக்கு உனக்குப் பதில் அது போயிருக்குமே என்றான் ஒருவன்.

இன்கில் சிரிக்கவில்லை. கத்தரிக்கோல் முனையால் விரலைக் குத்திக்கொண்டிருந்தான். ரத்தம்தான் வந்தது.

அவனுடைய பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷம் செத்தபோது வீட்டுக்கு ஒன்றுமே வரவில்லை. அந்தத் தாய் இன்னும் நம்பவில்லை. மழையானாலும் பனியானாலும் ஊர் எல்லையில் போய் நிற்கிறாள்.

"எங்கம்மாவும் அப்படிப் போய் நிப்பாங்கண்ணே. புதைக்க ஏதாச்சும் வேணும்ணே."

அண்ணன் என்றது பக்கத்தில் இருந்த போங்சூவை. போங்சூ தன் பொட்டலத்தை மடித்து முடித்திருந்தான். பெயர் எழுதியிருந்தான், ஊர் எழுதவில்லை. அவன் ஊர் வடக்கே, எதிரியின் பக்கம். பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கொட்டும் பனியில் தெற்கே ஓடி வந்தவன். நகத்தை எந்தத் தபால்காரன் அங்கே கொண்டுபோவான்?

அவன் பொட்டலத்தைப் பிரித்தான். அகல அகலமான நகங்கள். கட்டைவிரல் நகத்தில் மட்டும் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு, பிறந்ததிலிருந்தே அவனுக்கு அப்படித்தான். எல்லாவற்றையும் இன்கில்லின் காகிதத்தில் கொட்டினான்.

"வச்சுக்கடா. எனக்கு இது வெறும் குப்பை."

சார்ஜென்ட் பார்த்தார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்கில் காகிதத்தை மடித்துத் தன் கையாலேயே பெயரும் ஊரும் எழுதினான். எழுத்து நடுங்கவில்லை. பிறகு வந்த சோற்று உருண்டையை முழுதாகத் தின்றான். பல நாளாக அவன் பாதிக்கு மேல் தின்றதில்லை.

விடிவதற்குள் அந்தக் குழியே இல்லை. இன்கில் இருந்த இடத்திலேயே குண்டு விழுந்ததை போங்சூ கண்ணால் பார்த்தான். ஓடிப் போய் இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டினான். பொறுக்கி எடுக்க ஒன்றும் அகப்படவில்லை. நல்லவேளை, முன்னாலேயே மலைக்குக் கீழே அனுப்பிய பொட்டலமாவது இருக்கிறதே என்று நினைத்தான். அதை நினைத்துத்தான் அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டான்.

சண்டை ஓய்ந்தது. நாட்டுக்குக் குறுக்கே கோடு போட்டார்கள். அவன் அம்மா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். போக வீடில்லாத போங்சூ, ஒரு புட்டி அரிசி மது வாங்கிக்கொண்டு இன்கில்லின் ஊருக்குப் போனான். சமாதியில் ஊற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்றுதான்.

சமாதி எங்கே என்று கேட்டபடி வீட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். அடுப்புச் சூடு ஏறும் தரையோரத்தில், போர்வைக்கடியில், மூடி போட்ட சோற்றுக் கிண்ணம் ஒன்று பொத்தி வைத்திருந்தது.

வெளியூர் போன பிள்ளை எந்நேரம் வந்தாலும் சூடாகச் சாப்பிடட்டும் என்று போங்சூவின் அம்மாவும் அப்படித்தான் வைப்பாள். செத்தவனுக்கு யாரும் சோற்றைப் பொத்தி வைப்பதில்லை.

இன்கில்லின் அம்மா அவனை உட்காரவைத்து, பொட்டலத்தை எடுத்து வந்து முன்னால் பிரித்தாள். மேலே இருப்பது மகனுடைய எழுத்துதான் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்களாம். அவளுக்கு எழுத்து தெரியாது. மகனுடைய விரல் தெரியும்.

"இது என் புள்ளையோடது இல்லப்பா. அவனுக்கு ஏது நகம்? யாரோ மாத்தி அனுப்பிட்டாங்க. அவன் எங்கயோ உசுரோடதான் இருக்கான்."

காலையும் மாலையும் ஊர் எல்லைக்குப் போய் நிற்பதாகச் சொன்னாள். பக்கத்து வீட்டம்மா துணைக்கு இருக்கிறாளாம்.

போங்சூ வாயைத் திறந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் திறந்தான். அதற்குள் அவள் அந்தக் கறுப்புக் கோடு போட்ட நகத்தை உள்ளங்கையில் எடுத்து வைத்துத் தடவினாள்.

"பாவம், இவனைப் பெத்தவ எங்க நின்னு வழி பாக்குறாளோ. உனக்குத் தெரிஞ்சா அவகிட்ட கொண்டுபோய்க் குடுத்துடுப்பா."

சோற்றுக் கிண்ணத்தை இழுத்து, மூடியைத் திறந்து, அவன் முன்னால் வைத்தாள். கரண்டியை அவன் கையில் கொடுக்க நீட்டினாள்.

போங்சூ இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.