கிளம்புகிற நேரத்துப் பேச்சு

பிறந்தநாள் விருந்து நடந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் ஒரு பழைய தோல் செருப்பும் ஒரு சிவப்பு ஹீல்ஸும் அருகருகே மாட்டிக்கொண்டன.

"அப்ப நான் கிளம்பறேன்" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

"என் எஜமானி பத்மாசனி!" என்று ஹீல்ஸ் துள்ளியது.

பத்மாசனி வாசலுக்கு வந்தாள். ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு, புது மருமகளின் சமையல், மாமியாரின் முட்டிவலி என்று ஆரம்பித்துவிட்டாள். "சரி, வரேன்" என்பாள். உடனே, "ஐயோ, சொல்ல மறந்துட்டேனே" என்பாள்.

"உள்ளே அத்தனை நாற்காலி இருந்துச்சு. அங்கே உட்கார்ந்து போனையே பார்த்துட்டு, இப்ப கால் கடுக்க நின்னு பேசறா. என்ன ஜென்மங்களோ!" என்று ஹீல்ஸ் பொருமியது.

"அதை விடு. போன வாரம் கல்யாண மண்டபத்துல ஒரு நாய்க்குட்டி என்னைக் கவ்விட்டு ஓடிச்சு. நேரா எங்கே போச்சு தெரியுமா?" என்றது தோல் செருப்பு.

அந்த நேரம் பார்த்து, பத்மாசனி நிஜமாகவே காலை நீட்டினாள்.

ஹீல்ஸ் ஒரு நொடி யோசித்தது. தன் ஜோடியில் ஒன்றைக் குவியலுக்கு அடியில் நைசாகத் தள்ளிவிட்டது.

"ஒண்ணைக் காணோமே!" என்றாள் பத்மாசனி.

"இங்கேதான் இருக்கும், மெதுவா தேடலாம். ஆமா, உன் நாத்தனார் விஷயம் என்னாச்சு?" என்றாள் விருந்து கொடுத்தவள்.

"நீ சொல்லு, நாய் எங்கே போச்சு?" என்றது ஹீல்ஸ்.