ஒன்பதாவது குழாய்

தியான்ஜின் ஆய்வகத்தில் ஆய்வு மாணவி லான்சிங் நான்கு வருடமாக உருவாக்கிய சோதனை அது. வளைய வடிவ மூலக்கூறுக்குள் சாயத்தை உட்காரவைத்து, பாலிமரோடு சேர்த்திருந்தாள். சிறுநீரில் கணையப் புற்றுநோயின் சுவடு இருந்தால் மட்டும் பச்சையாக ஒளிரும்.

"ஒன்பதாவது குழாய் நோயில்லாதவங்களோடது சார். அதுவும் மின்னுது," என்றாள் அழுகையோடு.

பேராசிரியர் கோங் நிமிர்ந்தார். "குழாயைச் சரியாக் கழுவினியா?"

"மூணு தடவை புதுசா செஞ்சு பார்த்துட்டேன். என் சோதனை குப்பை சார்."

கோங் தன்னிடம் மட்டும் இருந்த, சிறுநீர் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்தார். ஒன்பதாவது வரியில் விரலை வைத்தார்.

"சோதனை சரிதாம்மா. கட்டுரையை அனுப்பிடு."

"ஒன்பதாவதை என்னன்னு எழுதறது?"

"நோயாளின்னு எழுது. ரெண்டு மாசமா எனக்குச் சாப்பாடே இறங்கலை. ஒன்பதாவது நான் கொடுத்தது."