வலி அட்டை

பேச்சு வராத மகள், படம் போட்ட அட்டைகளைக் கொடுத்துத்தான் எதையும் சொல்வாள். ஒரு வாரமாக அம்மாவிடம் 'வலி' அட்டையையே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பல்லு, காது, வயிறு எல்லாம் பாத்துட்டேன். குழந்தைக்கு ஒண்ணுமில்லைம்மா" என்றார் டாக்டர்.

"அப்புறம் எதுக்கு டாக்டர் இதையே நீட்டுறா? எங்களுக்கு மண்டை காயுது" என்றார் அப்பா.

"எங்கடி தங்கம் வலிக்குது? தொட்டாவது காட்டேன்!" என்றபடி மகளைத் தூக்கக் குனிந்த அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மகள் அட்டையை டாக்டர் கையில் திணித்தாள். பிறகு அம்மாவின் இடுப்பைத் தொட்டாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "உங்களுக்கு எத்தனை நாளா வலி?"

"ஒரு வாரமா..."

"எங்கிட்ட மூச்சே விடலையே நீ!" என்றார் அப்பா.

"நான் யார்கிட்டயும் சொல்லலைங்க" என்றாள் அம்மா, மகளையே பார்த்தபடி.